எண்பதுகளில் வந்த ஆக்‌ஷன் படங்களில், இப்போது மீண்டும் பார்த்தபோது வேறு விதமாகத் தெரிந்த படம் எது?

1988இல் வந்த 'டை ஹார்ட்'. சென்ற டிசம்பரில், கோத்தகிரியில் உறைபனி விழுந்த ஓர் இரவில், அம்மாவோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன்.

முதலில் பார்த்தது சிறுவனாக, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில். பொங்கலுக்கு டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் ஓட்டுவார்கள். இரண்டு தமிழ்ப் படங்களுக்கு நடுவே இதைப் போட்டார்கள். வசனம் ஒரு வரிகூடப் புரியவில்லை. தீயணைப்புக் குழாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு புரூஸ் வில்லிஸ் மொட்டை மாடியிலிருந்து குதித்ததும், பின்னால் மாடியே வெடித்ததும்தான் பல வருஷங்கள் மனதில் நின்றன.

இந்த முறை என் கண் அவர் காலை விட்டு நகரவில்லை.

வில்லிஸ் நடித்த மெக்ளேன் என்ற நியூயார்க் போலீஸ்காரர், பிரிந்திருக்கும் மனைவியைப் பார்க்கக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் வருகிறார். பயண அலுப்பு தீர, ஷூவைக் கழற்றிவிட்டுத் தரைவிரிப்பில் விரல்களை மடக்கி நடக்கச் சொல்கிறார் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர். மனைவியின் அலுவலகத்தில் அவர் அதைச் செய்துகொண்டிருக்கும்போதே ஆயுதக் கும்பல் உள்ளே புகுந்துவிடுகிறது. வெறுங்காலோடு ஓடுகிறார். செத்தவனின் ஷூவைப் பார்க்கிறார், அது சிறியது. பிறகு வில்லன் ஹான்ஸ், தப்பி வந்த பணயக்கைதி போல நடித்து எதிரே நிற்கும்போது அந்தக் காலைக் கவனித்துவிடுகிறான். சற்று நேரத்தில், கண்ணாடிகளைச் சுடு என்கிறான். ஹான்ஸாக நடித்த ஆலன் ரிக்மனுக்கு இதுதான் முதல் திரைப்படம் என்றால் நம்ப முடிகிறதா? முதல் காட்சியில் போட்ட முடிச்சு கடைசிவரை பாதத்திலேயே இருக்கிறது. சிறுவயதில் இதில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

குளியலறைக் காட்சி வந்தது. ரத்தம் வழியும் பாதத்திலிருந்து கண்ணாடித் துண்டை இழுத்தபடி, வெளியே நிற்கும் போலீஸ்காரர் பாவலிடம் வயர்லெஸ்ஸில் பேசுகிறார். மனைவியிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை, நீ சொல்லிவிடு என்கிறார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். கவாத்து வெட்டிய தேயிலைக்குள் வெறுங்காலோடு கொழுந்து எடுத்தவர் அவர். இரவில் சிம்னி வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஊக்கால் சிராயை நெம்பி எடுப்பார். ஒரு சத்தம் வராது. உதடு மட்டும் உள்ளே மடங்கும். அன்றைய நாயகர்கள் பத்துப் பேரை அடித்துவிட்டுத் தலையைக் கோதிக்கொண்டு நடந்தார்கள். இவருக்கு வலிக்கிறது. அதனால்தான் அவர் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நாம் பயப்படுகிறோம்.

ஒன்று மட்டும் இப்போது உறுத்துகிறது. பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 13 வயதுப் பையனைத் தவறாகச் சுட்டுவிட்டதால், பாவல் அதன் பிறகு துப்பாக்கியை எடுக்கவே முடியாமல் இருப்பவர். கடைசியில் ஒருவனைச் சுட்டதும் அந்தக் காயம் ஆறிவிட்டதாகப் படம் காட்டுகிறது. அன்று லைனே விசிலடித்தது. இன்று என்னால் அதை ஏற்க முடியவில்லை. செத்தது ஒரு பிள்ளை அல்லவா?

படம் முடிந்தது. போலீஸ், பத்திரிகைக்காரர்கள் என்று பெருங்கூட்டம். மெக்ளேன் மனைவியை அணைத்தபடி காரில் ஏறுகிறார். அம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை பேர் நிற்கிறார்களே, அவன் காலை ஒருத்தரும் பார்க்கவில்லையே" என்றார்.