மகரந்தம்தானே செடியின் விந்தணு? நெல்லுக்கு 24 குரோமோசோமா, 36-ஆ?

கேள்வி: மகள் காரைக்குடியில் பிளஸ் டூ படிக்கிறாள். மனிதனில் குன்றல் பகுப்பு (குரோமோசோம் எண் பாதியாகும் செல் பகுப்பு) நடந்தால் விந்தணு வருகிறது, செடியில் நடந்தால் மகரந்தம் வருகிறது. அப்படியானால் மகரந்தம்தானே செடியின் விந்தணு? இன்னொன்று, புத்தகத்தில் நெல்லுக்கு ஓரிடத்தில் 24 குரோமோசோம், இன்னோரிடத்தில் 36. எது சரி?

பதில்:

மகரந்தம் விந்தணு இல்லை. இரண்டோ மூன்றோ செல்லே உள்ள ஒரு குட்டி ஆண் செடி அது. விந்து அதற்குள்ளே உருவாகிறது. 24, 36 இரண்டும் சரிதான். ஒரே அரிசிமணிக்குள் இரண்டும் இருக்கின்றன.

முதலில் மனிதக் கணக்கு. 46 குரோமோசோம் உள்ள தாய் செல் குன்றல் பகுப்பில் 23 உள்ள நான்கு செல்களாகிறது. ஆணில் அந்த நான்கும் அதன்பின் பிரிவதே இல்லை. வால் முளைத்து, உருமாறி, நேராக விந்தணு ஆகின்றன. தொடக்கம் முதல் முடிவுவரை சுமார் இரண்டரை மாதம். பெண்ணில் இதே வேலை விசித்திரமான இழுபறி. அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே முட்டைத் தாய் செல்கள் முதல் பகுப்பைத் தொடங்கிவிட்டு, பாதியில் நிற்கின்றன. பூப்பெய்திய பிறகு மாதம் ஒன்றாக மேலே நகரும். இரண்டாம் பகுப்பு முடிவதோ விந்து உள்ளே நுழைந்த பிறகுதான். 40 வயதில் வெளிவரும் முட்டை 40 ஆண்டுக்கு மேலாக அரைகுறைப் பகுப்பில் காத்திருந்தது என்று அர்த்தம். வயது ஏற ஏறக் குரோமோசோம் சரியாகப் பிரியாமல், கருவில் 46-க்குப் பதில் 47 ஆகிவிடும் வாய்ப்பு கூடுவதற்கு இந்தக் காத்திருப்பு ஒரு முக்கியக் காரணம்.

செடி இப்படி முட்டைக்கென்று, விந்துக்கென்று செல்களைப் பிறவியிலேயே ஒதுக்கி வைப்பதில்லை. நேற்றுவரை இலை விட்ட நுனிதான் இன்று பூ விடுகிறது. அந்தப் பூவின் மகரந்தப்பைக்குள் குன்றல் பகுப்பு நடந்து வருவது நுண்வித்து. அது விந்து அல்ல. நுண்வித்து மீண்டும் ஒருமுறை சாதாரண மைட்டாசிஸில் (குரோமோசோம் எண் மாறாத பகுப்பில்) பிரிகிறது, அதுவும் சமமாக அல்ல: குழாய் வளர்க்கப் பெரியது ஒன்று, விந்தாகப் போகும் உருவாக்க செல் சிறியது ஒன்று. சிறியது இன்னொரு தடவை பிரிந்தால்தான் இரண்டு விந்து. நெல்லில் இது மகரந்தம் உதிரும் முன்பே முடிந்துவிடும். 60 சதவீதத்துக்கும் மேலான பூக்கும் தாவரங்களில் இரண்டு செல்லோடு உதிர்ந்து, குழாய் வளரும்போதுதான் விந்து பிரியும். ஆக மனிதனில் குன்றல் பகுப்பின் விளைவு பாலணு (விந்து அல்லது முட்டை), செடியில் வித்து (ஸ்போர், விதை அல்ல). செடியின் பாலணு அதன்பின் மைட்டாசிஸில் பிறக்கிறது. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

மகளுக்கு இதைக் கண்ணால் காட்ட நித்திய கல்யாணி போதும். செலவு மிகக் குறைவு. போரிக் அமிலம், கால்சியம் நைட்ரேட், மக்னீசியம் சல்ஃபேட், பொட்டாசியம் நைட்ரேட் நான்கையும் தனித்தனியாக 100 மி.லி. தண்ணீருக்கு 1 கிராம் கரைத்து வைக்கவும். (நேரடியாக 10 மில்லிகிராம் நிறுக்கப் பள்ளித் தராசால் முடியாது, அதற்குத்தான் இந்தச் சுற்று.) அதிலிருந்து முறையே 1, 3, 2, 1 மி.லி. எடுத்து, 10 கிராம் சர்க்கரை சேர்த்து, காய்ச்சி வடித்த தண்ணீரால் மொத்தம் 100 மி.லி. ஆக்கவும். அன்று காலை மலர்ந்த பூவை எடுத்து, இதழ்க்குழாயை நீளவாக்கில் கிழித்தால் கழுத்துக்குச் சற்றுக் கீழே மகரந்தப்பைகள் இருக்கும். தூளை ஊசியால் தட்டி, குழிக் கண்ணாடித் துண்டில் விட்ட ஒரு சொட்டில் போடவும். ஈர வடிதாள் விரித்த மூடிய தட்டுக்குள் அரைமணி வைத்துவிட்டு நுண்ணோக்கியின் 10 எக்ஸ் லென்ஸில் பார்த்தால், மணியிலிருந்து நூல் போலக் குழாய் நீண்டிருக்கும்.

வராவிட்டால் காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று. வெறும் தண்ணீரில் போட்டால் நீரை உறிஞ்சி மணி வெடித்துவிடும். செட்டிநாட்டு வெயிலில் சொட்டு திறந்து கிடந்தால் காய்ந்து, சர்க்கரை செறிவேறி, குழாய் பாதியில் நிற்கும். பழைய பூவின் தூள் முளைக்காது, காலையிலேயே செய்துவிடுவது நல்லது. நாலைந்து மணிகளை மட்டும் போட்டாலும் முளைப்பு குறையும். மகரந்தம் கூட்டமாக இருந்தால்தான் நன்றாக முளைக்கும். மூடுகண்ணாடியைப் பார்க்கும்போது மட்டும் வைக்கவும், முன்பே மூடினால் காற்று போதாது. அரைமணியில் இரண்டு விந்தும் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குழாய் வளர்வதே போதும், விந்தணு எங்கேயாவது முளைக்குமா?

இனி பெண் பக்கம். சூலுக்குள் (பின்னால் விதையாகும் பகுதிக்குள்) ஒரு தாய் செல், குன்றல் பகுப்பில் நான்கு பெருவித்து. மூன்று அழியும். மிஞ்சிய ஒன்றின் உட்கரு மூன்று தடவை மைட்டாசிஸில் பிரிந்து எட்டு உட்கரு, ஏழு செல்: ஒரு முட்டை, அதன் பக்கத்தில் இரண்டு, எதிர்க்கோடியில் மூன்று, நடுவில் இரண்டு உட்கருவோடு ஒரு பெரிய செல். நான்கில் ஒன்றே மிஞ்சுவது மனிதப் பெண்ணிலும் உண்டு, ஆனால் அங்கே பகிர்வே ஓரவஞ்சனை: சோற்றையெல்லாம் முட்டை எடுத்துக்கொள்ள, மற்றவை வெறும் துருவ செல்களாக ஒதுங்கும். இந்த ஏழு செல் அமைப்பையும் நம் பாடநூல் கருப்பை என்றே சொல்கிறது. விலங்கியலில் கருப்பை வேறு உறுப்பு. இந்தப் பெயர்க் குழப்பத்துக்குப் பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது.

குழாய் வந்து இரண்டு விந்தையும் இறக்குகிறது. ஒன்று முட்டையோடு சேரும், அது கரு. மற்றது நடுச் செல்லின் இரண்டு உட்கருவோடு சேரும், அது கருவூண்திசு, கருவுக்குச் சோறு. இந்த இரட்டைக் கருவுறுதலை ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் 1898-ல் கண்டறிந்தார். நெல்லின் பாலணுவில் 12 குரோமோசோம்; கருவில் 12+12=24, கருவூண்திசுவில் 12+12+12=36. உங்கள் புத்தகத்தின் இரண்டு பக்கமும் சண்டை போடாததற்குக் காரணம் இதுதான்.

கருப்புக் கவுனி அரிசியை எப்படியும் சமைக்கும் முன் இரவு ஊறவைப்பீர்கள். அதில் ஒரு மணியை எடுத்து, பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். கருப்பு, மேலே ஒரு தோலளவுதான். அது கனித்தோல், பூவின் சூற்பைச் சுவர். முழுக்க முழுக்கத் தாய்ச்செடியின் உடம்பு, 24. உள்ளே வெள்ளையாகத் தெரிவது கருவூண்திசு, 36. கருப்புக்கு அடியில் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய அலூரோன் படலமும் இதைச் சேர்ந்ததே. ஒரு முனையில் சாய்வாகச் சின்னப் புடைப்பு இருக்கும், அதுதான் கரு: தாயும் தகப்பனும் சரிபாதி, 24. எனவே வெள்ளைப் பொன்னிப் பூவில் கவுனி மகரந்தம் விழுந்து கரு உண்டானாலும் அந்த மணி வெள்ளையாகவே இருக்கும், மேல்தோல் தாயுடையது அல்லவா. அதை விதைத்து வரும் செடியின் மணிகளில்தான் தகப்பன் நிறம் தலைகாட்டும். தீட்டும் ஆலை எடுத்துவிடுவது தாயின் தோலையும் கருவையும். தட்டில் மிஞ்சுவது 36.

தேங்காயிலும் இதே கதை, எண் மட்டும் வேறு. இளநீர் என்பது சுவர் எழுப்பாமல் உட்கருக்கள் மட்டும் பெருகி மிதக்கும் கருவூண்திசு, 48. ஓரத்திலிருந்து சுவர் கட்டக் கட்ட வழுக்கை, பிறகு பருப்பு. நுங்கும் அப்படித்தான். ஆனால் முளைத்த தேங்காயை உடைத்தால் கிடைக்கும் தேங்காய்ப்பூ கருவின் பாகம், 32. 48-ஐ உறிஞ்சித் தின்கிற வாய் அது. மனிதனில் மும்மடங்கு, அதாவது 69, வந்தால் கரு பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கலைந்துவிடும். அதனால்தான் ஒரு விந்து நுழைந்ததும் முட்டை தன் உறையைக் கெட்டிப்படுத்தி அடுத்ததைத் தடுக்கிறது.

மகளிடம் ஒரு கணக்கும் போடச் சொல்லுங்கள்: நூறு நெல்மணிக்குக் குறைந்தது எத்தனை குன்றல் பகுப்பு? நூறு மகரந்தத்துக்கு 25, ஏனெனில் நான்கும் பிழைக்கும். நூறு முட்டைக்கு 100, ஏனெனில் ஒன்றே பிழைக்கும். மொத்தம் 125. 200 என்றோ 50 என்றோ எழுதினால் எந்தப் பக்கத்தை மறந்தாள் என்பது உடனே தெரிந்துவிடும்.

வயல் இருந்தால் இன்னொரு பயன். நெல்லின் மகரந்தப்பையில் குன்றல் பகுப்பு நடப்பது கதிர் வெளிவருவதற்குச் சுமார் பத்து நாள் முன்பு, கதிர் இன்னும் இலையுறைக்குள் இருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்தில். வெளியே ஒன்றும் தெரியாது, பயிர் பச்சையாகவே நிற்கும். அந்த நாட்களில் கண்மாய்த் தண்ணீர் தட்டுப்பாடானால் மகரந்தம் மலடாகிவிடும், கதிர் நிமிர்ந்தபடி பதராக நிற்கும். பூக்கும்போது வெயில் 35 டிகிரியைத் தாண்டினாலும் பதர் கூடும். கதிர் வந்த பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் மலடான மகரந்தம் திரும்ப வராது. கண்மாயில் ஒரே ஒரு தண்ணீர்தான் மிச்சம் என்றால் அதைத் தொண்டைக்கதிருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.