கூட வேலை பார்த்தவர்களே எதிர்க்கும்போது ஷிஃப்ட் மாற்றத்தை எப்படிக் கொண்டுவருவது?

கடலூர் சிப்காட்டில் புதிதாக சூப்பர்வைசர் ஆகியிருக்கிறீர்கள். ஷிஃப்ட் நேரம் மாறுவதால் பழைய ஆட்கள் முறைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

அவர்கள் எதிர்ப்பது பெரும்பாலும் உங்களை அல்ல. ராத்திரி பதினொரு மணிக்கு வேலை முடிந்தால் பரங்கிப்பேட்டைக்கு எப்படிப் போவது? பிள்ளையை டியூஷனிலிருந்து யார் கூட்டிவருவது? இதையெல்லாம் மீட்டிங்கில் சொல்ல மாட்டார்கள். மூத்தவரைத் தனியாக டீக்கடைக்கு அழைத்துப்போய், "அண்ணே, இதுல உங்களுக்கு எது சிரமம்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நடுவில் பேசாதீர்கள், அதுதான் கஷ்டம்.

நிலையாணைகளில் (கம்பெனியின் எழுதப்பட்ட வேலை விதிகளில்) இல்லாத ஷிஃப்ட் மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 1947 தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவில் இருந்தது. 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. அந்த 21 நாட்களில் கம்பெனி வண்டிக்காக நிர்வாகத்திடம் வாதாடுங்கள். கிடைக்காவிட்டால் அதையும் மறைக்காமல் நீங்களே வந்து சொல்லுங்கள்.