வாங்கி வைத்ததை இயக்குவது யார்?

கேள்வி: கொரோனாவுக்குப் பிறகு படுக்கை, ஆக்சிஜன், வெண்டிலேட்டர் எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. இனி டாக்டர், நர்ஸ்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து என்ன ஆகப்போகிறது?

பதில்: ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெண்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு எந்நேரமும் பக்கத்தில் ஒரு நர்ஸ் வேண்டும். நாளுக்கு மூன்று ஷிப்ட், வாரத்துக்கு 21. ஒருவர் வாரம் ஐந்து ஷிப்ட் பார்த்தால் 4.2 பேர். விடுப்பு, பயிற்சி, உடம்புக்கு முடியாத நாட்களைச் சேர்த்தால் ஐந்துக்குக் குறையாது. ஆக, 100 வெண்டிலேட்டருக்கு 500 பேர். அதுவும் தீவிர சிகிச்சை தெரிந்தவர்கள். மூச்சு எளிதாக நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கவே ஐந்து பேர் வேண்டும். தலைமாட்டில் நிற்பவர் மூச்சுக்குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ணிச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் புரட்டலாம். குழாய் கழன்றால் நிமிடக் கணக்கில் உயிர் போகும். வீடியோ பார்த்து ஒரு நாளில் வருகிற கை அல்ல அது.

அந்தக் கைகள்தான் முதலில் அடிபடுகின்றன. 2003-ல் பரவிய சார்ஸ் நுரையீரல் தொற்றில் நோய் கண்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர். எபோலாவில் லைபீரியா தன் டாக்டர், நர்ஸ், மருத்துவச்சிகளில் ஏறக்குறைய 8 சதவீதம் பேரைப் பறிகொடுத்தது. கொரோனாவில் 2021 மே வரை உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இதைப் பற்றி ஆராயாமல் வேறு எதை ஆராய்வது?

ஆனால் எல்லா ஆராய்ச்சியும் உதவிவிடாது. நெருக்கடி உச்சத்தில் இருக்கும்போது 'சோர்வாக இருக்கிறீர்களா?' என்று ஆன்லைனில் படிவம் அனுப்புகிறார்கள். முன்பு எப்படி இருந்தார்கள் என்று ஒப்பிட எதுவும் கையில் இருக்காது. மூச்சுவிட நேரமில்லாதவர் அதை நிரப்ப மாட்டார். வேலையை விட்டுப் போனவருக்குப் படிவமே போகாது. நாம் முக்கியமாகக் கேட்க வேண்டியதோ அவரிடம்தான். துப்புரவுப் பணியாளரும் லேப் டெக்னீஷியனும் பல ஆய்வுகளில் கணக்கிலேயே வருவதில்லை. டாக்டர், நர்ஸ்கள் பெயரைப் பதிந்து வைக்கும் கவுன்சிலின் பதிவேட்டை எண்ணி 'போதுமான ஆள் உண்டு' என்று முடிப்பது இன்னும் மோசம். ஓய்வு பெற்றவர், வெளிநாடு போனவர் பெயரெல்லாம் அதில் அப்படியே இருக்கும்.

தேவை, சாதாரண காலத்திலேயே மாதாமாதம் எடுக்கும் கணக்கு: அனுமதித்த பணியிடம் எத்தனை, ஷிப்டுக்கு வந்தவர் எத்தனை, மருத்துவ விடுப்பு, ஓவர்டைம், ராஜினாமா செய்தவர் எந்த வார்டு, எத்தனை வருட அனுபவம், ஏன் போனார். இரவு ஷிப்டைத் தனியாக எழுத வேண்டும். சராசரியில் அது மறைந்துவிடும். கூடவே, பொது வார்டு நர்ஸ்களில் யாரைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றலாம் என்று பெயர்ப் பட்டியல் போட்டு, ஆண்டுக்கு இரண்டு முறையாவது அங்கேயே வேலை பார்க்க வைக்க வேண்டும், சம்பளத்தோடு.