மேடையில் மறந்துபோகும் பேச்சு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்காக ஆசிரியர் எழுதித் தந்த உரையை வரிக்கு வரி மனனம் செய்திருந்தேன். நடுவில் ஒரு வாக்கியம் மறந்ததும் மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. மறக்காமலிருக்க என்ன செய்யலாம்?
– உயர்தர வகுப்பு மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: மறதி எல்லோருக்கும் வரும், அது வந்தாலும் நின்றுவிடாதபடி பேச்சை அமைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு வரி மனனம் செய்தவருக்கு அடுத்த வரியை எடுத்துத் தருவது முந்திய வரி மட்டுமே என்பதால், அது நழுவியதும் பற்றிக்கொள்ள வேறெதுவும் இருப்பதில்லை. பிறர் எழுதித் தந்த உரையென்றால் இடர் இன்னும் அதிகம். (ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம், பிள்ளை எழுதியதைத் திருத்திக் கொடுத்தாற் போதும்.)

உரையை நீங்களே எழுதி, நான்கைந்து தலைப்புகளாகச் சுருக்கி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏன் செல்கிறீர்கள் என்பதை மட்டும் மனத்திலிருத்தி, தாளை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்களால் வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். தொடக்கமும் முடிவும் மேற்கோள் பாடல்களும் மட்டும் மனனமாக இருக்கட்டும்.

மறதிக்கு இன்னொரு காரணம் மூச்சு வாங்காத வேகம். நம் கிழக்கிலங்கையின் வடமோடி, தென்மோடி நாட்டுக்கூத்துகளில் ஆடுபவர் பாடிய அடியை அண்ணாவியாரும் (கூத்தைப் பழக்கி நடத்துபவர்) பிற்பாட்டுக்காரரும் திரும்பப் பாடும்போது அவருக்கு மூச்செடுக்க இடம் கிடைக்கிறது. மேடைப் பேச்சாளருக்குப் பிற்பாட்டு இல்லை. ஆகவே ஒவ்வொரு கருத்தும் முடியுமிடத்தில் அந்த இடைவெளியை அவரே விட வேண்டும். அடுத்த தலைப்பு நினைவுக்கு வருவதும் அந்த இடைவெளியில்தான்.

ஆண்டுக்கு ஒரு போட்டி பயிற்சியாகாது. 1847 டிசம்பரில் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், வெள்ளிக்கிழமைதோறும் அதைத் தொடர்ந்தார். உங்கள் பாடசாலைத் தமிழ் மன்றத்தில் வாரம் ஒருமுறையேனும் எழுந்து பேசுங்கள்.

கேள்வி: நான் நன்றியுரை கூற எழும்போதே சபை கலைந்துவிடுகிறது. என்ன செய்வது?
– கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர், திருக்கோவில்

பதில்: ஒவ்வொரு பேச்சாளரும் ஏற்கெனவே விளித்துவிட்ட பிரமுகர் பட்டியலை நீங்களும் வாசித்தால் சபை கலையத்தான் செய்யும். பந்தலிட்டவர், கதிரை அடுக்கியவர், தேநீர் ஊற்றியவர் ஆகியோரின் பெயர்களை முதலிற் சொல்லுங்கள். அவர்களுடைய உறவினராவது இருந்து கேட்பார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முடியுமானால், பிரதம விருந்தினரின் உரைக்கு முன்னரே நன்றியுரையை வைத்துவிடும்படி தலைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.