ஒரு பெட்டி சோல் 45கள்: லேபிளை நம்பும் முன் தட்டைப் படியுங்கள்

கேள்வி: மிச்சிகனில், லான்சிங் அருகே வசிக்கிறேன். பழைய வீடு ஒன்றைக் காலி செய்து விற்றபோது சுமார் 200 ஏழு அங்குல சோல் இசைத்தட்டுகள் (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் '45'கள்) கிடைத்தன. மோட்டவுன், டாம்லா, ஸ்டாக்ஸ், அட்லாண்டிக் என்று தெரிந்த லேபிள்களும் (வெளியீட்டு நிறுவனங்கள்) உண்டு, கேள்விப்படாதவையும் உண்டு. சிலவற்றில் பூஞ்சை வாடை அடிக்கிறது. எது அசல், எது மறுபதிப்பு? எப்படிச் சுத்தம் செய்வது? என் டர்ன்டேபிளில் இருக்கும் சாதாரண ஸ்டீரியோ ஊசி போதுமா? எதையாவது விற்கலாமா?

பதில்: எதையும் இன்னும் கழுவ வேண்டாம், போட்டுக் கேட்கவும் வேண்டாம். அந்தப் பெட்டியில் இரண்டு வகைப் பிளாஸ்டிக் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று வினைல், மற்றது ஸ்டைரீன். ஒன்றுக்கு நல்லது செய்யும் கழுவுநீர் மற்றொன்றைக் கெடுக்கும். ஒன்று தாங்கும் ஊசி மற்றொன்றின் வரிகளை, அதாவது இசை பதிந்த பள்ளங்களை, தேய்த்துவிடும். ஆகவே முதல் வேலை, 200 தட்டுகளையும் இரண்டு அடுக்காகப் பிரிப்பது.

வினைல் தட்டு லேசாக வளையும். அதன் லேபிள், அச்சில் சூடாக அழுத்தும்போதே பிளாஸ்டிக்கோடு ஒன்றிப்போனது; விளிம்பில் நகம் மாட்டாது. ஸ்டைரீன் தட்டு, உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் முறையில் செய்யப்பட்டது. விறைப்பாக, கொஞ்சம் எடை குறைவாக இருக்கும். லேபிள் பிறகு ஒட்டப்பட்டதால் தாளின் ஓரம் தனியாகத் தெரியும். சிலவற்றில் தாளே இருக்காது, மை நேரடியாகப் பிளாஸ்டிக் மேல் அச்சாகியிருக்கும். தட்டின் ஓரத்தை விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் வினைல் மொத்தென்று ஒலிக்கும், ஸ்டைரீன் கணீரென்று கூர்மையாக ஒலிக்கும். வளைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க மட்டும் முயலாதீர்கள். ஸ்டைரீன் வளையாது, உடையும்.

ஒரே பாட்டு இரண்டு பிளாஸ்டிக்கிலும் வந்திருக்கலாம் என்பதுதான் புதியவர்களைக் குழப்புவது. அமெரிக்கா பெரிய நாடு. ஒரு பாட்டு வெற்றி பெற்றால் பல ஊர்களில் உள்ள தொழிற்சாலைகளுக்கும் அச்சடிக்கக் கொடுப்பார்கள். மோட்டவுனின் டெட்ராய்ட் பகுதிப் பிரதிகளில் பெரும்பகுதி உங்களுக்குப் பக்கத்திலேயே, ஒவாசோ ஊரில் இருந்த அமெரிக்கன் ரெக்கார்ட் பிரஸ்ஸிங் ஆலையில் வினைலில் அச்சானவை. அந்த ஆலை 1972-இல் தீக்கிரையானது. மேற்குக் கடற்கரைப் பிரதிகளை லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலை ஸ்டைரீனில் செய்தது. இரண்டுமே அசல்தான். மிச்சிகனில் இருந்த வீட்டுப் பெட்டி என்பதால் உங்களிடம் ஒவாசோ பிரதிகள் கூடுதலாக இருக்கும். அது நல்ல செய்தி: வினைல் என்பதால் அறுபது ஆண்டுக்குப் பின்னும் கேட்கும்படி இருக்க வாய்ப்பு அதிகம்.

இதையெல்லாம் சொல்வது லேபிள் அல்ல. வரிகள் முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வெற்று வளையம் இருக்கிறதே, சேகரிப்பவர்கள் டெட் வாக்ஸ் என்பார்கள், அங்கேதான் உண்மை எழுதியிருக்கும். மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, பத்து மடங்கு உருப்பெருக்கியால் சுற்றிவரப் பாருங்கள். ஏ.ஆர்.பி. என்ற சிறு முத்திரை இருந்தால் ஒவாசோ. ஒரு சிறு முக்கோணமும் அதன் பக்கத்தில் எண்ணும் இருந்தால் மோனார்க். அந்த எண்கள் வரிசையாக ஏறியவை. எனவே மோனார்க்கில் எது முன், எது பின் அச்சானது என்பதைக்கூட அவற்றை வைத்துச் சொல்லலாம். பெல் சவுண்ட் என்ற முத்திரை, நியூயார்க்கில் இருந்த அந்த ஸ்டூடியோவில் மூலத்தட்டு வெட்டப்பட்டதைக் காட்டும். இவற்றோடு மேட்ரிக்ஸ் எண், அதாவது மூலத்தட்டின் அடையாள எண், கையால் கீறப்பட்டிருக்கும். அதையும் லேபிளில் உள்ள எண்ணையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே போங்கள். 45கேட், டிஸ்காக்ஸ் தளங்களில் இந்த இரண்டு எண்களைத் தேடினால் வெளியான ஆண்டும், அதே தட்டின் மற்ற பதிப்புகளும் கிடைக்கும்.

மறுபதிப்பைக் கண்டுபிடிப்பது பல நேரம் எளிது. மோட்டவுன் தன் பழைய வெற்றிகளை 'யெஸ்டர்இயர்' என்ற வரிசையிலும், அட்லாண்டிக் 'ஓல்டீஸ் சீரிஸ்' என்ற வரிசையிலும் திரும்ப வெளியிட்டன. லேபிளிலேயே அப்படி அச்சாகியிருக்கும். கடினம் எங்கே என்றால், மோட்டவுனின் டெட்ராய்ட் வரைபட லேபிள் போன்றவை பல ஆண்டுகள் நீடித்தன. லேபிளின் படத்தை வைத்து மட்டும் 1964-ஆ 1974-ஆ என்று முடிவு கட்டக்கூடாது.

ஸ்டாக்ஸில் நிலைமை வேறு; அங்கே லேபிள் தெளிவாகவே பேசும். மெம்ஃபிஸில் எஸ்டெல் ஆக்ஸ்டன், ஜிம் ஸ்டூவர்ட் என்ற அக்காவும் தம்பியும் நடத்திய நிறுவனம் அது. பழைய சினிமாக் கொட்டகையைத்தான் ஸ்டூடியோ ஆக்கியிருந்தார்கள். தரையின் சரிவைக்கூட மட்டப்படுத்தாமல் ஒலிப்பதிவு செய்ததும் அந்தத் தட்டுகளின் திறந்த, உரத்த ஓசைக்கு ஒரு காரணம். 1968 வரை அட்லாண்டிக் வழியாக விற்பனை நடந்தது. அந்தக் காலத்து ஸ்டாக்ஸ் வெளிர்நீல லேபிள், மூன்று இலக்க எண். 1968-இல் உறவு முறிந்தபோது, ஒப்பந்தப்படி அதுவரையிலான மூலப்பதிவுகள் எல்லாம் அட்லாண்டிக்கிடம் போய்விட்டன. ஸ்டாக்ஸ் மீண்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியது: மஞ்சள் லேபிள், விரல் சொடுக்கும் கை, 0001 முதல் நான்கு இலக்க எண்கள். ஆக, வெளிர்நீலம் என்றால் 1968-க்கு முன், மஞ்சள் என்றால் பின். இன்னொன்றும் பாருங்கள். புக்கர் டி. அண்ட் தி எம்ஜிஸ் குழுவின் 'கிரீன் ஆனியன்ஸ்' 1962-இல் முதலில் துணை லேபிளான வோல்ட்டில், 102 என்ற எண்ணில், இரண்டாம் பக்கப் பாட்டாக வந்தது. வானொலிகள் அதைத்தான் விரும்பின என்று தெரிந்ததும் ஸ்டாக்ஸ் 127 ஆக, முதல் பக்கத்துக்கு மாற்றி வெளியிட்டார்கள். பெட்டியில் ஸ்டாக்ஸ் 127 இருந்தால் சாதாரணம். வோல்ட் 102 இருந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

விலை பற்றிக் கேட்டீர்கள். இங்கே பலருக்கும் ஒரு தவறான கணக்கு உண்டு: பெரிய பாடகர், பெரிய வெற்றி, ஆகவே பெரிய விலை. நடப்பது நேர்மாறு. சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஓட்டிஸ் ரெட்டிங்கின் வெற்றிப்பாட்டுகள் ஏராளமாக அச்சாகி விற்றவை. இன்று எங்கும் கிடைக்கும். விலை போவது அப்போது விற்காமல் போனவை. 1960-களின் இறுதியிலிருந்து வட இங்கிலாந்தில், மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், பிறகு 1973 முதல் 1981 வரை விகன் கேசினோ போன்ற இடங்களில் இரவு முழுவதும் ஆடியவர்கள், வேகமான, யாரும் கேட்டிராத அறுபதுகளின் அமெரிக்கத் தட்டுகளைத் தேடினார்கள். நார்தர்ன் சோல் என்று பெயர் பெற்ற அந்த மோகம்தான் இன்றைய சந்தையை உருவாக்கியது. அவர்கள் கொண்டாடியதில் பெரும்பங்கு டெட்ராய்ட்டின் சின்ன லேபிள்களுக்கு: ரிக்-டிக், கோல்டன் வேர்ல்ட், ரெவிலாட், வீல்ஸ்வில், குரூவ்ஸ்வில், டி-டவுன், தெல்மா. நீங்கள் கேள்விப்படாதவை என்று ஒதுக்கிய குவியலை முதலில் இந்தப் பெயர்களுக்காகப் புரட்டுங்கள். உச்ச உதாரணம் ஃபிராங்க் வில்சன் 1965-இல் மோட்டவுனின் துணை லேபிளுக்குப் பாடிய ஒரு 45. வெளியீடு கைவிடப்பட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய விளம்பரப் பிரதிகளே தப்பின. அதில் ஒன்று 2009-இல் 25,742 பவுண்டுக்கு விற்றது. அந்தப் பாட்டைக் கேட்க மட்டும் ஆசைப்படுபவருக்கு அதே பாட்டின் 1979 பிரிட்டிஷ் பதிப்பு போதும். பாட்டு வேறு, பொருள் வேறு என்பதை ஆரம்பத்திலேயே பிரித்துக்கொண்டால் நிறையப் பணம் மிச்சமாகும்.

எழுபதுகளில் இந்தத் தேவைக்காகவே போலிகளும் அச்சாயின. சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள்: அசல் ஸ்டைரீனில் மட்டுமே வந்திருக்க உங்கள் கையில் இருப்பது வினைல், அசலில் இயந்திர முத்திரை இருக்க உங்களுடையதில் கைக்கீறல் மட்டும், லேபிளின் சின்ன எழுத்துகள் உருப்பெருக்கியில் மசங்கலாகத் தெரிகின்றன. கைக்கீறல் இருந்தாலே போலி என்று அர்த்தமல்ல, மோட்டவுன் அசல்களிலும் அது உண்டு. எப்போதும் அதே தட்டின் உறுதியான அசலோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள்.

இனிச் சுத்தம். பூஞ்சை உள்ளவற்றை வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். பூஞ்சை ஏறிய சாதாரணக் காகித உறையை எறிந்துவிடலாம். நிறுவனத்தின் அச்சிட்ட உறை என்றால் உலர்த்தித் தனியே வைக்கலாம், ஆனால் தட்டை அதற்குள் மறுபடி போடாதீர்கள்.

வினைலுக்கு: வாலை வடிநீர் 800 மி.லி., 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 150 மி.லி., புகைப்படக் கழுவலில் பயன்படும் ஃபோட்டோ-ஃப்ளோ சில சொட்டு. ஃபோட்டோ-ஃப்ளோ கூடினால் அதுவே வரிகளில் படிந்து சலசலக்கும். மென்மையான தூரிகையால் வரிகளின் போக்கிலேயே சுற்றித் தேய்த்து, பிறகு வெறும் வாலை வடிநீரால் ஒருமுறை அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அலசாமல் விடுவதுதான் மிகப் பொதுவான தவறு. கரைந்த அழுக்கு காய்ந்து மீண்டும் உள்ளேயே உட்கார்ந்துவிடும். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதன் உப்பு வரிகளில் தங்கும். லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டைரீனுக்கு ஆல்கஹால் சேர்க்காதீர்கள். ஒரு லிட்டர் வாலை வடிநீரில் வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, அவ்வளவுதான். துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கலாம்; தட்டை ஊறப்போட்டால் லேபிளின் பசை விட்டுவிடும். நடுத்துளையை நிரப்பும் பிளாஸ்டிக் வளையத்தை ஸ்டைரீனில் அழுத்திப் பொருத்தவும் கூடாது; துளையோரம் கீறல்விட்டு வெளிநோக்கி ஓடும். டர்ன்டேபிளின் நடுக்கம்பியில் போடும் 38 மி.மீ. குமிழே பாதுகாப்பு.

ஊசி விஷயத்தில், உங்களிடம் இருப்பது நீள்வட்ட முனை என்றால் வினைலுக்குப் பரவாயில்லை. ஸ்டைரீனுக்குக் கூம்பு முனைதான் எங்கள் தேர்வு. ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95சி போன்ற எளிய கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கும் பகுதி) 2 கிராம் எடை வைத்தால் போதும். எடையை ஊசித் தராசில் அளந்து வையுங்கள். செராமிக் கார்ட்ரிட்ஜ் உள்ள மலிவான சூட்கேஸ் பிளேயர்கள் பொதுவாக இதைவிடப் பல மடங்கு அழுத்தும். அவற்றில் ஸ்டைரீனைப் போடாதீர்கள்.

இதைவிட முக்கியம், கேட்கும்போது ஆம்ப்ளிஃபயரை மோனோவுக்கு மாற்றுவது. அறுபதுகளின் சோல் 45-களில் பெரும்பாலானவை மோனோ. மோனோ வரியில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேல்கீழ் அசைவு எல்லாம் தூசி, கீறல், தேய்மானம். இரண்டு சேனலையும் ஒன்றாக்கினால் அந்த இரைச்சலில் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். மோனோ பொத்தான் இல்லையென்றால், டர்ன்டேபிளுக்கும், அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்புக்கும் நடுவே இரண்டு ஒய்-கேபிள்களை எதிரெதிராக இணைத்தால் அதே பலன். இதைச் செய்து ஒரு சுத்தமான ஒவாசோ பிரதியைப் போட்டுப் பாருங்கள். மோட்டவுன் இசைக்கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸ் கிட்டார், பிற்காலத்து ஸ்டீரியோ தொகுப்புகளில் ஒரு ஓரமாகக் கேட்டது, இங்கே பாட்டின் நடுவில் நின்று நடத்திச் செல்லும். வானொலிக்காகவும் சின்ன ஒலிபெருக்கிகளுக்காகவும் கலக்கப்பட்ட அந்த ஒலியைக் கேட்டபின், மதிப்பில்லை என்று சந்தை ஒதுக்கும் வெற்றிப்பாட்டுகளை விற்க உங்களுக்கே மனம் வராது. விற்கவும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

விற்க முடிவு செய்தவற்றைப் போட்டுக் கேட்டுத்தான் தரப்படுத்த வேண்டும். பளபளக்கும் ஸ்டைரீன் தட்டு, கனமான பழைய ஊசிகளால் தேய்ந்து சரசரவென்று மட்டும் ஒலிப்பது சகஜம். சாய்ந்த வெளிச்சத்தில் வரிகள் சாம்பல் பூத்தாற்போலத் தெரிந்தால் தேய்மானம். அமெரிக்காவில் கோல்ட்மைன் தரவரிசை வழக்கம்: நியர் மின்ட் (கிட்டத்தட்டப் புதுசு) விலையில் சுமார் பாதி விஜி பிளஸுக்கு (மிக நன்று, அதற்கும் சற்று மேல்), கால் பங்கு விஜிக்கு (மிக நன்று), அதற்குக் கீழே பத்து, பதினைந்து சதவீதம். லேபிளில் பேனா எழுத்து, வானொலி நிலைய முத்திரை, ஸ்டிக்கர் இருந்தால் அப்படியே சொல்லிவிடுங்கள், சுரண்ட முயலாதீர்கள். கேட்கும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள்.

வைத்துக்கொள்பவற்றைப் புதுக் காகித உறையிலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் வெளியுறையிலும் போட்டு, நிமிர்த்தி, சாயாமல் நிறுத்துங்கள். பிவிசி உறை காலப்போக்கில் தட்டின் மேல் பனிமூட்டம் போலப் படியும். மிச்சிகன் வீடுகளில் அடித்தளம் ஈரம், பரண் கோடையில் கொதிக்கும், இரண்டும் வேண்டாம். 20 டிகிரி செல்சியஸ் சுற்றி, 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறை போதும். தபாலில் அனுப்பும்போது தட்டை உறைக்கு வெளியே எடுத்து, சுத்தமான தனி உறையில், இரண்டு விறைப்பான அட்டைகளுக்கு நடுவே வையுங்கள். இரண்டு அட்டையின் நெளிவுகளும் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடட்டும். ஒரே திசையில் ஓடினால் பொட்டலம் அந்த வாக்கில் மடங்கும், ஸ்டைரீன் அங்கேயே உடையும்.