இரண்டு அட்டை, ஒரே மருந்து

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. ஒரு வருடமாக இரவில் கொலஸ்ட்ரால் மாத்திரை ஒன்று போடுகிறார். போன மாதம் மெடிக்கலில், சீட்டில் எழுதிய கம்பெனி ஸ்டாக் இல்லை என்று வேறு அட்டை கொடுத்தார்கள். அப்பா அதைப் புது மருந்து என்று நினைத்து, மிச்சமிருந்த பழையதோடு சேர்த்தே போட்டுவருகிறார். இப்போது தொடையெல்லாம் வலி என்கிறார். இரண்டு அட்டையையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் செய்தது சரியா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கடைக்காரர் பிறகு, முதலில் அப்பாவைப் பார்ப்போம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் இருக்கும் பெயர்கள்தான் வேறு. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டிலும் ‘அடோர்வாஸ்டேட்டின் 20 மி.கி.’ என்றே இருக்கிறது. ஆக, தினம் 40 மி.கி. உள்ளே போயிருக்கிறது.

பதற வேண்டாம், டாக்டர்களே சிலருக்கு 80 மி.கி. வரை கொடுப்பதுண்டு. ஆனால் இந்த மருந்து சிலருக்குத் தசையைப் பாதிக்கும்; அளவு கூடினால் அந்த ஆபத்தும் கூடும். இன்றிரவு மாத்திரை போடுமுன் டாக்டரிடம் பேசிவிடுங்கள். இரண்டு அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். தேவையென்றால், தசை பாதிப்பைக் காட்டும் சி.கே. ரத்தப் பரிசோதனை எழுதுவார். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, எழுந்து நிற்கவே முடியாமல் தளர்ந்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சளி, காய்ச்சலுக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அது இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

வலி போனதும் ‘இனி மாத்திரையே வேண்டாம்’ என்று அப்பா தானாக முடிவெடுத்துவிடக் கூடாது. நிறுத்தினால் கொலஸ்ட்ரால் பழையபடி ஏறும்.

இனி கடை விஷயம். இது ‘எச்’ அட்டவணை மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம். டாக்டர் கம்பெனி பெயரைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால், உள்ளே அதே மருந்து இருந்தாலும் கடைக்காரர் தானாக மாற்றித் தர 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள் இடம் கொடுக்கவில்லை. டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். அதைவிட எனக்கு வருத்தம், ‘பழையதை நிறுத்திட்டு இதைப் போடுங்க ஐயா’ என்று ஒரு வார்த்தை சொல்லாததுதான்.

அடுத்த முறை கம்பெனி பெயருக்குப் பதில் மருந்தின் பெயரையே சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அப்போது மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் எங்கு வேண்டுமானாலும் குறைந்த விலையில் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது பொடி எழுத்தைப் படியுங்கள். இந்த மருந்தோடு ஆஸ்பிரினும் சேர்ந்த மாத்திரைகள் உண்டு. பெயரின் வாலில் சில எழுத்துகள்தான் வித்தியாசம் இருக்கும். அப்பா ஏற்கெனவே தனியாக ஆஸ்பிரின் போடுகிறவர் என்றால் அதுவும் இரட்டிப்பாகி, ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம்.