எரிமலைல எரியுறது என்னங்க? கொஞ்சம் கேள்வி, கொஞ்சம் பதில்

ரெண்டு மாசமா சேர்ந்து கிடந்த கேள்விகள இன்னைக்கு உட்கார்ந்து பிரிச்சேன். பாதிக்கு மேல ஒரே மாதிரி கேள்விங்கறதால சேர்த்து வச்சு பதில் சொல்றேன், சிலதுக்கு நீளமா போயிடுச்சு, பொறுத்துக்கோங்க.

"என் பொண்ணு மூணாவது படிக்கிறா. எரிமலைக்குள்ள என்னம்மா எரியுது, விறகா பெட்ரோலான்னு கேக்குறா. எனக்கு பதில் தெரியல சார்." (கரூர்லருந்து ஒரு அம்மா)

வந்ததுலயே நல்ல கேள்வி இதுதான். பாப்பாகிட்ட சொல்லுங்க, ஒண்ணுமே எரியல. நெய் உருகறது வேற, நெய் விளக்கு எரியறது வேற இல்லையா, அங்க நடக்கறது உருகறது மட்டும்தான். பாறை 700லருந்து 1200 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாகி உருகிக் கிடக்கு, அந்த சூட்டுல பட்டறையில பழுக்கக் காய்ச்சின இரும்பு மாதிரி செவசெவன்னு தெரியுது, அவ்வளவுதான். மேல குபுகுபுன்னு போறதும் புகை இல்ல, பெரும்பகுதி நீராவி, கூட கார்பன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு, அப்புறம் தூள்தூளா நொறுங்கின பாறை. எரிமலைன்னு நம்மாளுங்க வச்ச பேரு கேக்க கம்பீரமாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பேராலயே எல்லாரும் செவப்பா ஓடற குழம்பையே பார்த்துட்டு இருக்கோம். ஆட்டம் பூரா அதுக்குள்ள கரைஞ்சிருக்கிற வாயுவோட கையிலதான் இருக்கு. கீழ வர்ற பதில்கள்லயும் திரும்பத் திரும்ப அங்கதான் வந்து நிக்கப்போறேன்.

நிஜமாவே எரியறதப் பார்க்கணும்னா கிழக்கு ஜாவால காவா ஈஜென்னு ஒரு எரிமலை இருக்கு. அங்க வெளிய வர்ற கந்தக வாயு காத்துபட்டு பத்திக்கிட்டு ராத்திரியில நீல நீலமா எரியும், பக்கத்துலயே ஆளுங்க மஞ்சக் கந்தகத்த வெட்டி ரெண்டு கூடையில கட்டி காவடி மாதிரி தோள்ல தூக்கிட்டு மேல ஏறுவாங்க. வீடியோல பாக்கும்போதே நமக்கு இருமல் வரும்.

"பூமிக்கு அடியில பூரா லாவா கடல்தானே? அப்ப ஏன் நம்ம ஊர் போர்வெல்ல லாவா வர மாட்டேங்குது?" (ஈரோடு)

கிண்டலா கேட்டீங்களா சீரியஸா கேட்டீங்களான்னு தெரியல, ஆனா இந்த லாவா கடல் கதைய காலேஜ் பசங்களே நம்புறாங்க. நம்ம காலுக்குக் கீழ மேலோடு, அதுக்குக் கீழ சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் மேன்டில். அது திடப்பாறைதான். நிலநடுக்க அலைகள்ல ஒரு வகை திரவத்துக்குள்ள போகவே போகாது, அது மேன்டிலுக்குள்ள ஜம்முன்னு போயிட்டு வருது, அதான் சாட்சி.

சூடு இருக்கு, ஆனா மேல இருக்கிற பாறையோட அழுத்தம் அத உருக விடறதில்ல. குக்கருக்குள்ள தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்குல்ல, அதேதான். அழுத்தம் குறைஞ்சா கதை மாறும், ஊட்டியில தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், அதே மாதிரி சூடான மேன்டில் பாறை மெதுவா மேல ஏறி வரும்போது கூடுதலா சூடே ஏத்தாம தானா கொஞ்சம் உருகுது. ஐஸ்லாந்து, ஹவாய், கடலுக்கடியில இருக்கிற மலைத்தொடர் எல்லாம் இப்படித்தான். இன்னொரு வழி தண்ணி. குல்ஃபி வண்டிக்காரர் ஐஸ்ல உப்பு போட்டு அதோட உருகுநிலைய இறக்குவார்ல, அதே வேலைய பாறைக்கு தண்ணி செய்யுது. பூமியோட மேல் ஓடு பெரிய பெரிய துண்டா இருக்கு, அதத்தான் தட்டுன்னு சொல்றது. கடல் தட்டு ஒண்ணு இன்னொரு தட்டுக்கு அடியில சொருகிப் போகும்போது தன்னோட கனிமங்கள்ல ஊறின தண்ணியையும் இழுத்துட்டு போயி ஆழத்துல கக்கும், மேல இருக்கிற சூடான பாறை உருகும். ஜப்பான், இந்தோனேசியா, ஆண்டீஸ், நம்ம அந்தமான் எல்லாம் இந்த ரகம். ஈரோடு ரெண்டுலயும் சேராது, தைரியமா போர் போடுங்க, தண்ணி வருமாங்கறதுதான் கேள்வி.

"ஹவாய்ல டூரிஸ்ட் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்குறான், இந்தோனேசியால ஊரே காலி ஆகுது. ஏன் இந்த வித்தியாசம்?" (சிங்கப்பூர்)

ரசம் கொதிக்கறதையும் கேழ்வரகு களி கொதிக்கறதையும் பக்கத்துல நின்னு பார்த்திருக்கீங்களா? ரசத்துல குமிழி வந்துச்சா போச்சா, சத்தமே இல்ல. களியில குமிழி மேல வர முடியாம உப்பி உப்பி நின்னு பொளக்னு வெடிச்சு கையில தெறிக்கும், பட்டவங்களுக்குத் தெரியும். ஹவாய் மேக்மால, அதாவது உருகின பாறைக் குழம்புல, சிலிக்கா (மணல்ல இருக்கிற அதே பொருள், குழம்ப கெட்டியாக்கறது) 50 சதவீதம் சுமார், நல்லா இளகி ஓடும், வாயு சுலபமா தப்பிச்சுரும். வெடிக்கிற ரகத்துல சிலிக்கா 60, 70ன்னு போகும், கெட்டியான குழம்பு, கூடவே கரைஞ்ச தண்ணியும் சில சதவீதம் இருக்கும். சில சதவீதம்தானேன்னு நினைக்காதீங்க, மேல வந்து அழுத்தம் விட்டதும் அந்தத் தண்ணி நீராவியா பிரிஞ்சு பல நூறு மடங்கு இடம் கேக்கும், அப்ப மொத்தக் குழம்பும் நுரையாகி, நுரை கிழிஞ்சு தூளாகி வானத்துக்குப் போகும். அந்த நுரை அப்படியே உறைஞ்சு போன துண்டுதான் குதிகால் தேய்க்க வாங்குவோமே அந்த லேசான ஓட்டைக் கல்லு, அதுல சிலது தண்ணியில மிதக்கும். அடுத்த தடவ பாத்ரூம்ல அத எடுத்தா ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க, ஒவ்வொரு ஓட்டையும் ஒரு காலத்துல வாயுக் குமிழி.

"திருவண்ணாமலை அணைஞ்சு போன எரிமலைன்னு வாட்ஸ்அப்ல வருது, அக்னி ஸ்தலம்னு சொல்றதே அதுக்குத்தான்னு. உண்மையா சார்?" (ஆரணி)

அக்னி ஸ்தலம்ங்கறது நம்பிக்கை, அதுல நான் தலையிடல, கிரிவலம் நானும் போவேன். ஆனா பாறையா பார்த்தா அது எரிமலை இல்ல. அந்த வட்டாரத்துப் பாறையெல்லாம் சுமார் 250 கோடி வருஷப் பழசு, பூமிக்குள்ள பல கிலோமீட்டர் ஆழத்துல வெந்து இறுகினது, மேல இருந்த சுமையெல்லாம் அரிச்சு போனதுக்கப்புறம் வெளிய தலகாட்டுது. லாவா அடுக்கு கிடையாது, சாம்பல் படிவு கிடையாது, எரிமலை வாய் கிடையாது. மேக்மா ஆழத்துலயே மெதுவா ஆறி உறைஞ்சா அதுவும் அக்னிப் பாறைன்னுதான் புத்தகத்துல இருக்கும், அந்த வார்த்தைய பிடிச்சிட்டுத்தான் இந்தக் கதை கிளம்பியிருக்கணும்.

இந்த பாறை குடும்பத்துல சார்னோக்கைட்னு ஒண்ணு இருக்கு, உலகத்துக்கே அந்தப் பேரு கல்கத்தாவுல இருக்கிற ஜாப் சார்னாக்ங்கற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரோட கல்லறைக் கல்லுலருந்து வந்தது, அந்தக் கல்லு போனதோ நம்ம பல்லாவரம் பக்கத்துலருந்து. லாவாவே தொட்டுப் பார்க்கணும்னா மகாராஷ்டிரா போங்க. 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி கொட்டின லாவா இன்னைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு அடுக்கடுக்கா கிடக்கு, அஜந்தா எல்லோரா குடைஞ்சது அந்த லாவாவுலதான்.

"சேர், நான் திருகோணமலை. கன்னியா வெந்நீரூற்றுக்குக் கீழ எரிமலை கிடக்கெண்டு சனம் கதைக்குது. பயப்பிட வேணுமோ?"

தேவையே இல்ல. இலங்கையில எரிமலை கிடையாது. எங்க தோண்டினாலும் ஒரு கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி சூடு ஏறும், மழைத்தண்ணி பாறை வெடிப்பு வழியா ஆழத்துக்கு இறங்கி சூடாகி இன்னொரு வெடிப்பு வழியா சீக்கிரமா மேல வந்தா வெந்நீரூற்று. நிம்மதியா குளிச்சிட்டு வாங்க.

"இந்தியாவுல உயிரோட இருக்கிற எரிமலை எது, போய்ப் பார்க்கலாமா?" (நிறைய பேர்)

பேரன் (Barren) தீவு, அந்தமான்ல. போர்ட் பிளேர்லருந்து வடகிழக்கா சுமார் 138 கிலோமீட்டர், மூணு கிலோமீட்டர் அகலத் தீவு. 354 மீட்டர் உயரம்தானான்னு குறைச்சு எடை போடாதீங்க, கடலடியிலருந்து அளந்தா ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நிக்குது, நமக்குத் தெரியறது நுனி மட்டும். 1787ல வெடிச்சதா பதிவு இருக்கு, 1832க்கப்புறம் 150 வருஷத்துக்கு மேல கம்முன்னு கிடந்துட்டு 1991ல முழிச்சது, அதுலருந்து விட்டு விட்டு இருமிட்டே இருக்கு. 2017 ஜனவரியில கோவா கடலியல் நிறுவனத்து ஆளுங்க கப்பல்லருந்து பார்க்கும்போதே சாம்பல் கக்குச்சு. இந்தியத் தட்டு சொருகிப் போற அதே கோட்டுலதான் 2004 டிசம்பர் நிலநடுக்கமும் வந்துச்சு, அதனால நமக்கு இது அவ்வளவு தூரத்து சமாச்சாரம் இல்ல. ஆள் குடியிருப்பு இல்ல, கால் வைக்க விடறதில்ல, அனுமதி வாங்கி கப்பல்லருந்து சுத்திப் பார்க்கலாம்.

"2025 நவம்பர்ல எத்தியோப்பியால எரிமலை வெடிச்சதுக்கு டெல்லியில ஏன் ஃப்ளைட் கேன்சல்? சாம்பல்தானே, வைப்பர் போட்டா போகாதா?" (சென்னை, கடுப்புல இருந்த பயணி)

உங்க கடுப்பு புரியுது. ஆனா என் மேஜை மேல ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கு, அதுல பாதிக்கு எரிமலைச் சாம்பல். 2014 பிப்ரவரியில ஜாவாவுல கெலூட்ங்கற எரிமலை வெடிச்சப்ப சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி யோக்யகார்த்தாவுல மொட்டை மாடியில பெருக்கி எடுத்ததுன்னு ஒரு ஃப்ரெண்ட் குடுத்தான். பார்க்க சிமென்ட் மாதிரி இருக்கும், விரல்ல எடுத்து தேய்ச்சா அடுப்புச் சாம்பல் மாதிரி வழுவழுன்னு இருக்காது, நறநறங்கும். மைக்ராஸ்கோப்ல வச்சா பூரா உடைஞ்ச கண்ணாடிச் சில்லு, வளைஞ்சு வளைஞ்சு, ஒவ்வொண்ணும் ஒரு குமிழியோட சுவர் கிழிஞ்ச துண்டு. ஒரு தடவ அந்த பாட்டில் மூடிய மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியில துடைச்சிட்டு அதே துணியில கண்ணாடியையும் துடைச்சு லென்ஸ் போச்சு, 1,800 ரூவா.

இந்த கண்ணாடித்தூள் சுமார் 1100 டிகிரியில உருகும், ஜெட் எஞ்சின் உள்ள அதைவிட சூடு. உள்ள போய் உருகி, கொஞ்சம் பின்னாடி இருக்கிற டர்பைன் பாகத்துல பாகு மாதிரி ஒட்டி இறுகி காத்து போற வழிய அடைச்சிடும். 1982 ஜூன் 24 ராத்திரி ஜாவாவுக்கு மேல பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஒண்ணு கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள்ள பூந்து நாலு எஞ்சினும் அணைஞ்சு போச்சு. வெதர் ரேடார்ல சாம்பல் தெரியல, தண்ணித் துளியத்தான் அது பார்க்கும். கிளைடர் மாதிரி இறங்கி இறங்கி சாம்பலுக்கு வெளிய வந்ததும் எஞ்சின் திரும்ப பிடிச்சுது, முன்கண்ணாடி சாம்பல் தேய்ச்சு தேய்ச்சு மங்கிப் போயி வெளிய தெரியாமலே ஜகார்த்தாவுல இறக்கினாங்க. எத்தியோப்பியாவோட ஹெய்லி குப்பி சாம்பல் சுமார் 14 கிலோமீட்டர் உயரம் போச்சு, அந்த உயரத்துல அடிக்கிற மேல்காத்து செங்கடல், ஏமன், ஓமன் வழியா நேரா வடஇந்தியாவுக்கு கொண்டுவந்து விட்டுருச்சு. கேன்சல் பண்ணினவங்களுக்கு நான் நன்றிதான் சொல்வேன்.

"வெடிக்கப் போறத முன்னாடியே சொல்ல முடியுமா முடியாதா? ஒரு வார்த்தையில சொல்லுங்க." (மதுரை)

ஒரு வார்த்தையில முடியாது, ரெண்டு ஊர் கதையா சொல்றேன்.

கொலம்பியால நெவாடோ டெல் ரூயிஸ், 1985 நவம்பர் 13. வெடிச்சதென்னவோ சின்ன வெடிப்பு, ஆனா உச்சியில இருந்த பனி உருகி, சேறும் பாறையுமா ஆத்து வழியா இறங்கிருச்சு. 70 கிலோமீட்டர் தள்ளி ஆர்மெரோன்னு ஊர், அங்க வந்து சேர ரெண்டரை மணி நேரம் ஆச்சு. ரெண்டரை மணி நேரம்ங்க, நடந்தே மேட்டுக்குப் போயிருக்கலாம். 23,000 பேர் போயிட்டாங்க. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா எந்த எந்த இடம் முழுகும்னு வரைபடம் ஒரு மாசம் முன்னாடியே போட்டாச்சு, ஆர்மெரோ அதுல இருந்துச்சு.

பிலிப்பைன்ஸ்ல பினாடுபோ, 1991. 500 வருஷமா தூங்கின மலை, ஏப்ரல்ல குமுற ஆரம்பிச்சது. பிலிப்பைன்ஸ் ஆளுங்களும் அமெரிக்க நிலவியல் துறையும் சேர்ந்து நிலநடுக்கமானி வச்சாங்க, ஹெலிகாப்டர்ல பறந்து சல்பர் டை ஆக்சைடு அளந்தாங்க. மே 13ல ஒரு நாளைக்கு 500 டன், மே 28ல 5,000 டன். அப்புறம் திடீர்னு குறைஞ்சுது. சாதாரண ஆளு அப்பாடா அடங்கிருச்சுன்னு சொல்லுவான், அவங்களுக்கு வயித்தக் கலக்கிருச்சு, ஏன்னா வாயு நிக்கல, வர்ற வழி அடைச்சுக்கிச்சு. குக்கர் விசில் வராம அமைதியாயிட்டா அடுப்பங்கரையில யாரும் நிம்மதியா இருப்பாங்களா? ஜனங்களும் அதிகாரிகளும் நம்பணுமே, அதுக்கு மோரிஸ், கத்யா க்ராஃப்ட்னு பிரெஞ்சு எரிமலை ஜோடி எடுத்த வீடியோவப் போட்டுக் காட்டினாங்க. அந்த ரெண்டு பேரும் ஜூன் 3ல ஜப்பான் உன்சென் எரிமலையில செத்துட்டாங்க, 12 நாள் கழிச்சு ஜூன் 15ல பினாடுபோ வெடிச்சப்ப பல்லாயிரம் பேரு ஏற்கனவே ஊரக் காலி பண்ணியிருந்தாங்க. அன்னைக்கே ஒரு புயல் வேற வந்து சாம்பல் நனைஞ்சு கனத்து கூரை விழுந்துதான் நிறைய சாவு. லாவாவால இல்ல, ரெண்டு ஊர்லயும் லாவா ஒரு ஆளக்கூட தொடல.

அதனால, கருவி வச்ச மலைன்னா பெரும்பாலும் முடியும். தேதி, மணி கேக்காதீங்க.

"மனுஷன விட எரிமலைதான் அதிகமா கார்பன் டை ஆக்சைடு விடுதாமே?" (கோவை)

இல்ல. எல்லா எரிமலையும் சேர்ந்து வருஷத்துக்கு விடறது நாம விடறதுல ஒரு சதவீதம் சுமார்தான். பெரிய வெடிப்பு உடனடியா பண்றது குளிர்விக்கற வேலை, பினாடுபோ அனுப்பின சல்பர்ல உலகம் ஒரு வருஷத்துக்கு மேல அரை டிகிரி அளவுக்கு குளிர்ந்துச்சு. அவ்வளவுதான், அப்புறம் பழையபடி ஏறிருச்சு.

"தோபா மாதிரி பெருசு ஒண்ணு வெடிச்சா இந்தியா என்ன ஆகும்?" (நாகர்கோவில்)

ஏற்கனவே ஆகியிருக்கு. சுமார் 74,000 வருஷத்துக்கு முன்னாடி சுமத்ராவுல தோபா வெடிச்சு, அந்த குழிதான் இப்ப 100 கிலோமீட்டர் நீள ஏரி. அதோட சாம்பல் இந்தியா பூரா விழுந்துச்சு, ஆந்திராவுல கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரத்துல மழைத்தண்ணி அடிச்சுட்டு வந்து பள்ளத்துல சேர்த்தது ஆளுயரத்துக்கு மேல இருக்கு. தோண்டினவங்களுக்கு அந்த வெள்ளை அடுக்குக்குக் கீழயும் கல்லாயுதம் கிடைச்சுது, மேலயும் கிட்டத்தட்ட அதே மாதிரி கல்லாயுதம் கிடைச்சுது. மனுஷ இனமே அப்ப அழிய இருந்துச்சுன்னு ஒரு கட்சி ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கு, இந்தக் கல்லுங்க அத லேசா முறைச்சுப் பார்க்குது, சண்டை இன்னும் நடந்துட்டுத்தான் இருக்கு, நான் கல்லு கட்சி.

அந்த சாம்பல என்ன பண்றாங்க தெரியுமா, வெட்டி எடுத்து பாத்திரம் தேய்க்கிற பவுடருக்கு அனுப்பறாங்க. கண்ணாடித்தூள்தானே, கறை நல்லா போகும்.